அழைக்கும் பாட்டும் மெழுகு உருளையும்

இலங்கை வேடரைப் பற்றி எழுதுவோர் தவிர்க்க முடியாத நூல், சி. ஜி. செலிக்மனும் அவர் மனைவி பிரெண்டாவும் எழுதி 1911 இல் கேம்பிரிட்ஜில் வெளிவந்த 'வேடர்' என்னும் ஆங்கில நூல். அவர்கள் காட்டுக் குடியிருப்புகளுக்குப் போய்ப் பாட்டுகளை மெழுகு உருளைகளில் பதிந்தார்கள். அவற்றின் இசையைப் பற்றி சி. எஸ். மையர்ஸ் ஓர் இயல் எழுதிச் சேர்த்தார். உருளைகள் பிரித்தானிய நூலகத்தின் ஒலிக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

அந்த உழைப்பு சாதாரணமானதல்ல. ஆயினும் இம்முறை வாசிக்கையில் மையர்ஸின் இயல் என்னை உறுத்தியது. இரண்டு சுரப் பாட்டு, மூன்று சுரப் பாட்டு, நான்கு சுரப் பாட்டு என்று அவர் வகை பிரிக்கிறார். இந்தக் கணக்கில் தாலாட்டும் ஆவியை அழைக்கும் பாட்டும் ஒரே வரிசையில் நிற்கின்றன. தாலாட்டை யார் கேட்டாலும் குறைவில்லை. அண்மையில் இறந்த உறவினரான 'நே யக்கு'வை அழைப்பது அப்படியா? இறந்தவர் வந்து ஆடுபவரின் உடலில் இறங்கி, படையலை ஏற்று, உறவினரோடு பேச வேண்டும் என்பதற்காகப் பாடுவது அது. வேட்டைக்குத் துணை நிற்கும் கந்தே யக்காவுக்குத் தேங்காய்ப்பால் நிறைத்த கலத்தை வைத்துக் 'கிரிகொரஹ' ஆடுகிறார்கள். பாலும் இல்லை, உறவும் இல்லை; லண்டனில் ஓர் அறையில் உருளை சுழல்கிறது. அப்போது யார் யாரை அழைக்கிறார்கள்? சுரம் எண்ணும் இயலில் இக்கேள்விக்கு இடமில்லை.

இதை நான் மேட்டில் நின்று சொல்லவில்லை. எங்களூர்த் தைக்காவில் றாத்தீபு நடத்திய பாவா ஒருவர், பல வருடங்களுக்கு முன் என்னைக் கசற்றில் பதிய விட்டார். "வாத்தியார், இத வுழூ இல்லாமக் கேக்கப்படாது, திண்டுக்கிட்டும் கேக்கப்படாது" என்றார். நான் ஆர்வக்கோளாறில் நண்பருக்கு ஒரு பிரதி கொடுத்தேன். அடுத்த மாதம் கல்யாண வேன் ஒன்றில் இரண்டு சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே அது ஒலித்தது. பதிந்தது தவறல்ல, நிபந்தனையைப் பதியாமல் விட்டதே தவறு.

நிபந்தனையையும் சேர்த்துப் பேணலாம். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்துப் பாசமகுவோடி மக்களின் பாட்டுகளை 1890 இல் ஜெசி வோல்ட்டர் ஃபியூக்ஸ் பதிந்தார். காங்கிரஸ் நூலகம் பின்னாளில் அவற்றைத் துலக்கி அம்மக்களிடம் பிரதி கொடுத்தது. எது பொதுவுக்கு, எது தங்களுக்குள் என்பதை அவர்களே தீர்மானித்தார்கள். தம் மொழியிலேயே அடையாளக் குறிப்புகளும் சேர்த்தார்கள். விற்பனைக்கல்ல என்பது அவற்றுள் ஒன்று.

அறிவு எல்லோருக்கும் பொது, பூட்டி வைத்தால் ஆராய்ச்சி எப்படி வளரும் என்று நம்மவரே கேட்பார்கள். 1983 இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா வந்தபோது வேடரின் வேட்டைக்காடு அவர்கள் கையை விட்டுப் போனது. காடும் இல்லை, அந்தக் காட்டுக்கான பாட்டை யார் கேட்கலாம் என்று சொல்லும் உரிமையும் இல்லையென்றால், அங்கே 'பொது' என்ற சொல் யாருக்கு உதவுகிறது? வாகரைப் பக்கத்தில் தமிழ் பேசும் கரையோர வேடரிடம் ஒலிப்பதிவுக் கருவியோடு போகும் நம் இளைஞர்கள் இதை முதலில் யோசிக்கட்டும்.

பாவா மௌத்தாகிவிட்டார். கசற்றை அவர் மகனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "உங்களுக்கு ஒரு பிரதி வேணாமா சேர்?" என்று கேட்டார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.