காலம் நகராத கதை

ஓய்வு பெற்றவர்களுக்குத் தொலைக்காட்சியில் யோசனை சொல்லும் நிகழ்ச்சிகளைப் பலர் பொருளாதாரப் பாடமாக எண்ணிக் கேட்கிறார்கள். நான் அவற்றைக் கதைகளாகவே பார்த்து வருகிறேன். கதை எழுதிப் பிழைக்கிறவன் வேறு எப்படிப் பார்ப்பான்?

பாத்திரங்கள் மூவர்: கேள்வி கேட்கும் பெண், கோட்டு அணிந்த நிபுணர், தொலைபேசியில் ஒரு குரல். அந்தக் குரலுக்கு எப்போதும் அறுபது வயது. கையில் இருபத்தைந்து லட்சம். நிபுணர் ஒருபோதும் திகைப்பதில்லை. "கவலைப்படாதீங்க சார், ஆயுசு முழுக்க உத்தரவாதம் இருக்கு" என்கிறார். நான் இப்படி ஒரு சம்பாஷணை எழுதினால் எந்தப் பத்திரிகாசிரியரும் திருப்பி அனுப்பிவிடுவார். இது விளம்பரதாரர் நிகழ்ச்சி என்ற வாக்கியமோ, வருகிறபோது, திரையின் அடியில் எறும்பு ஊர்வது போல் ஊர்ந்து போகிறது.

இன்னும் உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு வேறொரு கதை உண்டு. வருஷத்துக்கு ஒரு லட்சமாகப் பத்து வருஷம் கட்ட வேண்டும். பன்னிரண்டு வருஷம் முடிந்ததும், வருஷத்துக்கு இரண்டு லட்சமாகப் பத்து வருஷம் வரும் என்று வைத்துக்கொள்வோம். கட்டியது பத்து, கிடைப்பது இருபது! கேட்கும் பெண் வியக்கிறாள். நாமும் வியக்கிறோம். ஆனால் ஒவ்வொரு தவணைக்கும் அதற்கு ஈடான வரவுக்கும் நடுவே பன்னிரண்டு வருஷம் இருக்கிறது. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு ரூபாய் இரண்டாவது என்றால், கூட்டுவட்டி 6 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. விலைவாசி வருஷத்துக்கு 6 சதவீதம் ஏறினால் அரிசியும் பருப்பும் அதே பன்னிரண்டு வருஷத்தில் இரண்டு மடங்காகிவிடும். கதாநாயகர் புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறார். நடுவில் தலை மட்டும் நரைத்திருக்கிறது.

இந்தக் கதைகளின் பெரிய குறையே இதுதான். இவற்றில் காலம் நகர்வதில்லை. மாதம் இருபதினாயிரம் என்று முதல் காட்சியில் சொன்னால் கடைசிக் காட்சியிலும் அது இருபதினாயிரம்தான். அதே விலையேற்றத்தில், இருபத்துநாலு வருஷத்துக்குப் பின் அது இன்றைய ஐயாயிரத்துக்குத்தான் சமம். அதற்கும் வருமான வரிக் கணக்கு உண்டு.

ஆயுள் ஓய்வூதியம் மோசடி என்று நான் சொல்லவில்லை. நெடுநாள் வாழ்ந்துவிடுவோமோ என்ற பயம் மனிதனுக்கு உண்டு; அதற்கு அது நல்ல மருந்து. 1811இல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் 'சென்ஸ் அண்ட் சென்ஸிபிலிட்டி' நாவலில் ஒரு மருமகள் வருகிறாள். கணவனின் சிற்றன்னைக்கு வருஷாந்தரப் பணம் எதுவும் எழுதிவைக்க வேண்டாம் என்று வாதாடுகிறாள். கிழவி சாகவே மாட்டாள் என்பது அவள் பயம். 'கிழவி'க்கு வயது நாற்பதுகூடச் சரியாக ஆகவில்லை! (என் வயதில் இதைப் படித்துச் சிரிப்பது சிறிது கஷ்டந்தான்.) கொடுக்கிறவர் பயப்படுகிற அந்த நீண்ட ஆயுள்தான் வாங்குகிறவருக்கு லாபம். சீக்கிரம் போனவர்கள் விட்டுச் சென்ற பணம், நின்று நிலைத்தவர்களுக்குச் சோறு போடுகிறது. யோசித்துப் பார்த்தால் சற்றுக் கொடூரமான ஏற்பாடு, ஆனால் நேர்மையானது.

நிபுணர் இதைச் சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் சாவைப் பற்றி யார் பேசுவார்கள்? "உங்களுக்கப்புறம் போட்ட பணம் அப்படியே குழந்தைகளுக்கு வந்துடும்" என்கிறார். மனசு குளிர்கிறது. ஆனால் முதல் திரும்பி வருமானால் மாதத் தொகை குறையும். வருவது பெரும்பாலும் போட்ட பணத்தின் வட்டிதான். நெடுநாள் வாழ்கிறவருக்கு மற்றவர்களின் பங்கிலிருந்து கிடைக்க வேண்டியது கிடைக்காது. மருந்தைக் கொட்டிவிட்டுப் புட்டியை விற்கிற காரியம் இது.

தரகைப் பற்றியும் மூச்சு இல்லை. நெடுநாள் தவணைத் திட்டங்களில் முதல் வருஷத் தரகே கனமானது. ஒரே தடவையில் வாங்கும் எளிய ஓய்வூதியத்தில் அது சொற்பம். திரையில் எது அதிகம் புகழப்படுகிறது என்பதைக் கவனித்தால் போதும். சேமித்துச் சேமித்து ஒருவர் கொண்டுவரும் பணம் ஆயுளில் ஒரு தடவைதான் கைக்கு வருகிறது. அதை ஆயுள் ஓய்வூதியத்தில் போட்டபின் மீட்பது சுலபமல்ல.

காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையத்தின் 2024ஆம் வருஷத்து விதிப்படி, பத்திரம் கைக்கு வந்து 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்கலாம். சில்லறைச் செலவு போக மீதிப் பணம் வந்துவிடும். தொலைபேசிக் குரல்களில் ஒன்றுகூட இதைப் பற்றிக் கேட்டு நான் பார்த்ததில்லை.