நோக்கமே அளவாகுமா? தில்லிப் பல்கலைக்கழக ஒளிநகல் வழக்குத் தீர்ப்புகள்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் (1957) 52ஆம் பிரிவு, ஆய்வு, திறனாய்வு முதலியவற்றுக்கு ‘நியாயமான கையாளலை’ அனுமதிக்கிறது. கற்பித்தலின்போது ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பை நகலெடுப்பது மீறலன்று எனக் கூறும் பிறிதோர் உட்பிரிவில் ‘நியாயமான’ என்னும் அடை இல்லை. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகங்களும் டெய்லர் அண்ட் பிரான்சிஸ் நிறுவனமும் தில்லிப் பல்கலைக்கழகத்தின் மீதும் அதன் வளாகத்து ராமேஸ்வரி ஒளிநகல் கடையின் மீதும் 2012இல் தொடுத்த வழக்கின் முடிச்சு இவ்வின்மையிலேயே உள்ளது. நூற்பகுதிகளைப் பாடத்திட்டத்திற்கேற்பத் தொகுத்து நகலெடுத்து விற்றதே குற்றச்சாட்டு.

2016 செப்டம்பரில் தனி நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். நூலகத்தில் அமர்ந்து கையால் படியெடுப்பது குற்றமன்று எனில் பொறியால் எடுப்பதும் குற்றமாகாது என்பது அவர் வாதங்களுள் ஒன்று. கேட்பதற்கு இனிய வாதம், ஆயினும் வலுக்குறைந்தது. கையெழுத்துப் படிக்கு எழுதுவோரின் உழைப்பே வரம்பாக அமைந்தது. பொறி அவ்வரம்பை அகற்றிவிட்டது. எனவே வேறோர் அளவுகோல் தேவைப்படுகிறது.

அதே ஆண்டு டிசம்பரில் தீர்ப்பளித்த இருவர் அமர்வு அதனை நோக்கத்தில் கண்டது. நகலெடுத்த பகுதி கற்பித்தலுக்குத் தேவையானதா என்பதே வினா. பக்க எண்ணிக்கை அன்று. இவ்விளக்கம் சட்டத்தின் கட்டமைப்போடு பொருந்துகிறது. கல்விக்கான தொகைநூல்கள் பற்றிய அண்டை உட்பிரிவில், ஒரே பதிப்பாளர் ஐந்தாண்டுகளில் ஓர் ஆசிரியரின் இரு பகுதிகளுக்கு மேல் வெளியிடலாகாது என எண்ணிட்டு வரையறுத்த சட்டமன்றம், இங்கு எண் எதுவும் கூறவில்லை. அம்மௌனத்தை மறதி எனக் கொள்வதற்கில்லை. சந்தை இழப்பு குறித்த வாதத்தையும் அமர்வு ஏற்கவில்லை. மேற்கோள் நூல்கள் அனைத்தையும் விலைகொடுத்து வாங்கும் நிலையில் மாணவர் இல்லை என்ற அதன் கணிப்பு, இந்திய வகுப்பறையை அறிந்தோர்க்குப் புதிதன்று.

இடர்ப்பாடு அதற்கு அடுத்த படியில் எழுகிறது. தேவையை மதிப்பிடுபவர் யார்? பாடத்திட்டத்தை வகுத்த ஆசிரியரே எனில் எந்தத் தொகுப்பும் தேவையானதாகிவிடும். நீதிமன்றம் எனில் ஓர் அத்தியாயம் போதுமா, மூன்று வேண்டுமா என அது பாடத்திட்டத்துக்குள் நுழைய நேரும். இவ்வினாவை விசாரணைக்கு உரியதாகக் கருதியே அமர்வு வழக்கைத் திருப்பியனுப்பியது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றமையால் சாட்சியம் எதுவும் பதிவாகவில்லை. நோக்கம் என்னும் அளவுகோல் தீர்ப்பில் நிலைபெற்றது. அதனைக் கொண்டு ஒரு பாடத்தொகுப்பேனும் அளந்து பார்க்கப்படவில்லை.