பராமரிப்பின் அட்டவணை

சாலைப் பராமரிப்பு, வாகனப் பராமரிப்பு, கால்நடைப் பராமரிப்பு. அறிவுசார் குறைபாடு உடையவர்களின் பராமரிப்பும் நம் மொழியில் இந்த வரிசையில்தான் வந்து உட்கார்ந்திருக்கிறது. பராமரிக்கப்படும் சாலை பேசாது. மனிதரும் பேசமாட்டார் என்ற அனுமானம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 'மந்தம்' போய் 'மனவளர்ச்சி குன்றியோர்' வந்தது, பிறகு 'மாற்றுத்திறனாளி' வந்தது. நல்லதுதான். யாருக்காக யார் முடிவெடுப்பது என்பது மாறியதா?

சில ஆண்டுகள் ஒரு இல்லத்தில் வேலை அட்டவணை எழுதிக்கொண்டிருந்தேன். வருகிறவர்களிடம் 'இது விடுதியில்ல, வீடு' என்போம். மதிற்சுவரை விட்டுத் தெருவுக்குள், பால்காரர் வந்துபோகும் வாடகை வீட்டுக்கு வந்துவிட்டோம் என்ற பெருமை. ஏழரைக்குச் சாப்பாடு, எட்டரைக்கு விளக்கணைப்பு. முப்பதைத் தாண்டிய ஒருவர் தினமும் எழுந்துவந்து வாசற்படியில் உட்காருவார். பதிவேட்டில் 'நடத்தைக் கோளாறு' என்று எழுதினேன். அவருக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவுதான். எட்டரைக்கு யாருக்குத்தான் தூக்கம் வரும்? இரவுக்கு ஒரே ஆயா. எல்லாரும் படுத்தால்தான் அந்தம்மா பாத்திரம் கழுவ முடியும். ஆள் பற்றாக்குறையை இன்னொருவர் மூளையின் கோளாறாக எழுதிவைத்தவன் நான்.

ஃபூக்கோவை நாம் நிறையவே பேசியாயிற்று. 1975-இல் வந்த அவருடைய நூல் ஒரு வதையில் தொடங்கி, பாரிஸ் இளங்கைதிகள் இல்லமொன்றின் நேர அட்டவணைக்கு நகர்கிறது. அதை மேற்கோள் காட்டிக் கூட்டங்களில் பேசியிருக்கிறேன். நான் எழுதிய அட்டவணை அப்போது நினைவுக்கு வரவேயில்லை.

அட்டவணை உடலுக்குள்ளும் இறங்கும். 1994-இல் மகாராஷ்டிரத்தின் சிரூர் அரசு இல்லத்துப் பெண்களுக்குப் புணே சசூன் மருத்துவமனையில் கருப்பை நீக்கினார்கள். மாதவிடாய்ச் சுகாதாரத்தைச் சமாளிக்க முடியவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். அதாவது, துணி மாற்றிவிட ஆளைப் போடுவதற்குப் பதில் உறுப்பை எடுத்துவிட்டார்கள். பெண்கள் அமைப்புகள் போராடின. 2009-இல் சண்டிகர் அரசு இல்லமொன்றில் பாலியல் வன்முறையால் கருவுற்ற பெண்ணின் வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. அவர் சம்மதமின்றிக் கருவைக் கலைக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. 'வேண்டாம்' என்ற ஒரு சொல்லைக் கேட்க வைப்பதற்கு உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் பாதுகாவலரை நியமிக்க உள்ளூர்க் குழு வைத்தது. இந்தியா 2007-இல் ஏற்புறுதி செய்த ஐ.நா. உடன்படிக்கையின் 19-ஆவது பிரிவு, எங்கே யாரோடு வாழ்வது என்பதை அவரவரே தேர்ந்தெடுக்கலாம் என்கிறது. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு, வரம்புக்குட்பட்ட பாதுகாவலர் அவரோடு சேர்ந்தே முடிவெடுக்க வேண்டும் என்கிறது. ஒருவர் பெயரால் கையெழுத்திடுவதும் அவரோடு உட்கார்ந்து யோசிப்பதும் ஒன்றல்ல. இரண்டாவதற்கு நேரம் வேண்டும், நேரத்திற்குக் கூலி வேண்டும். அந்தக் கூலியைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

'சமூகப் பராமரிப்பு' என்பதில் 'சமூகம்' யார்? பெரும்பாலும் அம்மா. அம்மா முடியாமல் போனால் அக்கா, அதற்கப்புறம் குறைந்த கூலிக்கு வரும் ஆயா. 'எனக்கப்புறம் இவன யாரு பாத்துப்பா?' என்று கேட்காத தாயை நான் பார்த்ததில்லை. நிறுவனத்தை மூடு என்று மட்டும் சொல்கிற நம் தோழர்கள் இந்தக் கேள்விக்கு முன் மௌனமாகிவிடுகிறார்கள். வீட்டிற்கு அனுப்புவது விடுதலை என்றால், அந்த விடுதலையின் செலவு முழுதும் ஒரு பெண்ணின் முதுகில் ஏறுகிறது. கருணை, தியாகம், தாய்மை என்ற சொல்லாடல்கள் அந்தச் செலவைக் கணக்கில் வராமல் பார்த்துக்கொள்கின்றன.

ஆகவே வீடு சிறிதா பெரிதா என்பதல்ல என் கேள்வி. எப்போது படுப்பது, யார் குளிப்பாட்டுவது, கதவை யார் திறப்பது என்பதை அங்கே வாழ்பவர் சொல்ல முடிகிறதா? அவர் சொன்னபடி செய்ய ஆளும் கூலியும் இருக்கிறதா? முதல் கேள்வியை மட்டும் கேட்டால் அது ஆயாவின் தலையில் விடியும். இரண்டாவதை மட்டும் கேட்டால் மனிதர் மறுபடி சாலையாகிவிடுவார்.

இரவில் இரண்டு ஆயா வேண்டும் என்பது தொழிற்சங்கக் கோரிக்கை. எட்டரைக்குப் பிறகும் விளக்கு எரியட்டும் என்பது உரிமைக் கோரிக்கை. இரண்டையும் ஒரே துண்டறிக்கையில் எழுத நமக்கு இதுவரை ஏன் தோன்றவில்லை?