ஓர் ஓம் பசி

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருந்த அப்போஜி நிறுவனம் 1980களின் நடுவில் ‘சின்டில்லா’ என்றொரு ஸ்பீக்கரைக் கொண்டுவந்தது. மரப்பெட்டி கிடையாது, காகிதக் கூம்பு கிடையாது. காந்தங்களுக்கு முன்னே கட்டிய அலுமினியத் தகடுதான் பாடும். பார்க்கச் சாது, ஆம்ப்ளிஃபயர்களுக்கோ எமன்.

சுருள் இல்லாமல் தகட்டிலேயே மின்சாரம் ஓடியதால் அதன் இம்பீடன்ஸ், அதாவது மின்சாரத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு, வெறும் 1 ஓம். வீடுகளில் வழக்கமாக இருப்பவை 8 ஓம், 4 ஓம் ஸ்பீக்கர்கள். 20 வோல்ட் கொடுத்தால் 8 ஓம் ஸ்பீக்கர் 2.5 ஆம்பியர் இழுக்கும், 50 வாட். அதே வோல்ட்டுக்கு 1 ஓம் ஸ்பீக்கர் 20 ஆம்பியர் கேட்கும், 400 வாட். வால்யூம் குமிழ் இருந்த இடத்தில்தான் இருக்கிறது, சுமை எட்டு மடங்கு! சாதாரண ஆம்ப்ளிஃபயருக்கு அங்கேயே மூச்சு வாங்கும். ஃபியூஸ் போகும், இல்லையென்றால் பாதுகாப்பு ரிலே ‘டக்’கென்று பாட்டை நிறுத்திவிடும்.

இந்தப் பசிக்குச் சோறு போட்டவை க்ரெல் ஆம்ப்ளிஃபயர்கள். டான் டி’அகஸ்டினோ 1980-ல் தொடங்கிய நிறுவனம் அது. கனத்த ட்ரான்ஸ்ஃபார்மர், வரிசையாகப் பெரிய கெபாசிட்டர்கள், பாட்டு ஓடாதபோதும் அறையைச் சூடாக்கும் ‘கிளாஸ் ஏ’ சுற்று. ஓம் பாதியானால் வாட் இரட்டிப்பாக வேண்டும் என்பதே அவற்றின் பெருமை. அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சிடும் வாட் கணக்கு இதைச் சொல்வதில்லை. டபுள் பேஸின் தந்தி சொல்லிவிடும்: தெம்புள்ள ஆம்ப்ளிஃபயரில் நாதம் திரண்டு எழுந்து, நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும், நோஞ்சானில் கொழகொழவென்று வழியும்.

வயர்கூட இங்கே பேச ஆரம்பிக்கிறது. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியை 5 மீட்டர் தூரம் இழுத்தால், போக வர மின்தடை சுமார் 0.07 ஓம். 8 ஓமுக்கு முன் அது தூசு. 1 ஓமுக்கு முன் 7 சதவீதம்.

ஆனால் ஓம் இறங்கினாலே பயப்பட வேண்டியதும் இல்லை. 1957-ல் வந்த க்வாட் எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர் உச்ச ஸ்தாயியில் 2 ஓம் அருகே சரியும். அதையே 15 வாட் க்வாட் 2 வால்வு ஆம்ப்ளிஃபயர் அழகாகப் பாடவைத்தது. அந்த உயரத்தில் இசைக்கு அதிக வலு தேவைப்படுவதில்லை. தாளமும் முழக்கமும் வாழும் கீழ் ஸ்தாயியில் சரிந்தால்தான் ஆபத்து.

சின்டில்லாவை 4 ஓமுக்கு மாற்றி இணைக்கவும் வழி இருந்தது. விடாப்பிடியான ரசிகர்கள் 1 ஓமிலேயே வைத்துக்கொண்டு, ஆம்ப்ளிஃபயரைத்தான் மாற்றினார்கள்.