இரவு இரண்டு மணிக்கு எழும்புவது யார்?

பிள்ளைகள் நால்வர். ரொறன்ரோவில் ஒருவர், பாரிசில் ஒருவர், சூரிச்சில் ஒருவர், கொழும்பில் ஒருவர். தாய் நீர்வேலியில். அவவை எங்கே வைத்துப் பார்ப்பது என்பது வட்ஸ்அப் குழுவில் தீர்மானமாகிறது. கூடக் காசு அனுப்புகிறவரின் சொல்லுக்கு எடை கூட. ஊரில் நின்று ஓடித்திரியும் பெறாமகள் சொல்வது கடைசியாகத்தான் காதில் விழும். தாயிடம் கேட்பதோ முடிவெடுத்த பிறகு, வீடியோ அழைப்பில், "அம்மா, உங்களுக்கு இதுதான் வசதி" என்ற தோரணையில். பருத்தித்துறை வீதியின் இரு பக்கமும், செம்மண் தோட்டங்களுக்கும் வாழைகளுக்கும் நடுவே, இந்தக் கதைக்குப் பொருந்தும் வீடுகள் நிறைய.

விவாதம் வழக்கமாக இரண்டு பக்கமாகப் பிரியும்: வீட்டில் வைத்துப் பார்ப்பதா, முதியோர் இல்லத்தில் விடுவதா. முதலாவது பாசம், இரண்டாவது கைவிடல் என்று ஊர் ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்டது. அந்தத் தீர்ப்பில் எனக்கு உடன்பாடில்லை. மகளோ மகனோ கூட இருந்து பார்ப்பதும், பூட்டிய வீட்டில் சம்பளத்துக்கு ஒரு பெண்ணை விட்டுப் பார்ப்பதும் வேறு வேறு ஏற்பாடுகள். இரண்டையும் ஒரே கணக்கில் போட்டு, முதலாவதன் நற்பெயரை இரண்டாவதற்குக் கடனாகக் கொடுத்து வைத்திருக்கிறோம்.

பழைய ஏற்பாட்டை முதலில் பார்க்கலாம். யாழ்ப்பாணத்தில் முதுமைப் பராமரிப்பு சொத்தோடு கட்டப்பட்டிருந்தது. 1707 இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை, சீதனத்துக்கும் முதுசத்துக்கும் விரிவாக விதி சொல்கிறது. நடைமுறையில் குடியிருக்கும் வீடு பெரும்பாலும் கடைசி மகளுக்குச் சீதனமாகும். தாய் தகப்பன் சீவிய உரித்தை வைத்துக்கொண்டு உறுதி எழுதுவார்கள். அதே வீட்டில் மகளோடும் மருமகனோடும் காலத்தைக் கழிப்பார்கள். பாசம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதன் முதுகெலும்பு ஒப்பந்தம். வீட்டைப் பெறுகிறவள் வீட்டிலேயே இருப்பாள் என்பது அந்த ஒப்பந்தத்தின் எழுதாத நிபந்தனை. 1983 கலவரத்துக்கும் அதைத் தொடர்ந்த போருக்கும் பிறகு உடைந்தது அந்த நிபந்தனைதான். உறுதி இன்றும் மகளின் பெயரில், மகள் ஸ்காபறோவில். அவள் அங்கே மூதாளர் பராமரிப்பு வேலைக்குப் போய் வேறு யாருடையவோ தாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கவும் கூடும். அந்த வேலையில் எங்கள் பெண்கள் அங்கே நிறையப் பேர்.

'விட்டிட்டுப் போறது' என்ற சொல் நீர்வேலியில் ஏன் இவ்வளவு சுடுகிறது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1995 ஒக்ரோபர் கடைசியில், படை நடவடிக்கை நீர்வேலியைத் தாண்டி வந்த நாட்களில், வலிகாமமே இரவோடிரவாகத் தென்மராட்சிக்கு நடந்தது. நடக்க முடியாத முதியவர்களைச் சிலர் சைக்கிளிலும் கதிரையிலும் வைத்துக் கொண்டு போனார்கள். சிலர் வீட்டிலேயே விட்டுப் போக வேண்டி வந்தது. அந்த இரவைத் தாண்டி வந்த தலைமுறைதான் இன்று பெற்றோரைப் பற்றி முடிவெடுக்கிறது. இல்லம் என்றதும் அவர்களுக்கு வருவது வெறும் ஊர்வாய்ப் பயமாக இருக்காது. ஆனாலும் அந்த உறுத்தலைத் தாங்கள் தாங்க முடியாததற்காகத் தாயை ஆபத்தான வீட்டில் வைத்திருப்பது நியாயமாகாது.

ஆபத்து என்று சொன்னால் கோபம் வரும். வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். வெளிநாட்டுக் காசு வந்ததும் முதலில் மாறுவது நிலம். சீமெந்துத் தரைக்கு மேல் பளபளக்கும் ரைல்ஸ். ஈரக் காலோடு எழுபத்தெட்டு வயதில் அதில் நடந்து பார்த்தால் தெரியும். மலசலகூடம் பல வீடுகளில் இன்னும் கோடிப்புறத்தில். அதற்குப் போக இரண்டு படி இறங்க வேண்டும், பிடிக்கக் கம்பி இல்லை. கிணற்றடியோ பாசி. வாழ்நாள் முழுக்க வாளியில் அள்ளி வார்த்துக் குளித்தவருக்குக் குழாய்த் தண்ணீர் குளிப்பாகாது. ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கிணற்றடிக்குப் போய்விடுவார். இடுப்பு எலும்பு முறியும் கதைகளைத் தோண்டினால் பாதிக்கு மேல் இந்தப் பத்து யார் தூரத்துக்குள்தான் முடியும் என்று துணிந்து சொல்வேன்.

அடுத்தது ஆள். பராமரிப்பாளர் பயிற்சி இலங்கையில் இருக்கிறது, தொழிற்தகைமைச் சான்றிதழும் உண்டு. ஆனால் அந்தச் சான்றிதழ் இஸ்ரேலுக்கும் ஜப்பானுக்கும் போகும் கடவுச்சீட்டுப் போல ஆகிவிட்டது. இங்கே மிஞ்சி வேலைக்கு வருகிறவர் பெரும்பாலும் பக்கத்து ஊரில் பிள்ளைகளை விட்டுவிட்டு வரும் ஒரு தாய். அவரில் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கணக்கைத்தான் சொல்கிறேன். படுக்கையில் கிடக்கும் ஒருவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரமாவது புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகிலும் குதிக்காலிலும் படுக்கைப்புண் வரும். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தரம். அதில் நாலு தரமாவது இரவில். இடையில் பம்பர்ஸ் மாற்ற வேண்டும், குளிசை கொடுக்க வேண்டும், கஞ்சியைப் புரைக்கேறாமல் பருக்க வேண்டும். பகல் முழுக்கச் சமைத்துத் துவைத்த அதே ஆள் இரவு இரண்டு மணிக்கும் எழும்புவார் என்று எதிர்பார்ப்பது எந்தத் தொழில் நியாயத்தில் சேரும்? எழும்பமாட்டார். எழும்பவில்லை என்பதை மூலையில் பூட்டிய கமராவில் பகல் வெளிச்சத்தில் இருக்கும் ரொறன்ரோ மகன் பார்ப்பார், பார்த்துவிட்டு ஏசுவார். அடுத்த மாதம் புது ஆள் தேட வேண்டும்.

இனி இல்லங்கள். நீர்வேலிக்கு அண்மையில், கோப்பாயால் திரும்பி நீரேரியைக் கடந்தால் கைதடி. அங்கே அரச முதியோர் இல்லம் இருக்கிறது. சித்த போதனா வைத்தியசாலையும் அதே ஊரில். சுழிபுரத்தில் சிவபூமி அறக்கட்டளை நடத்தும் இல்லம் உண்டு. சமய நிறுவனங்களும் தனியாரும் நடத்துபவை வேறு. இவற்றின் பலம் வெளிப்படையானது: இரவுக்கு முறை வைத்து ஆள் இருக்கும், நேரத்துக்குச் சாப்பாடு, தனிமை குறைவு. மாலையில் ஒரே வயதுக்காரர் நாலு பேர் திண்ணையில் இருந்து கதைப்பது, பூட்டிய வீட்டில் தொலைக்காட்சித் தொடர் பார்ப்பதைவிட எத்தனையோ மேல்.

பலவீனத்தையும் மறைக்கக்கூடாது. அரச இல்லம் முதன்மையாக ஆதரவற்றவர்களுக்கென்று ஏற்பட்டது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பவர் அங்கே ஓர் இடத்தைப் பிடிப்பதில் ஒரு அறச்சிக்கல் இருக்கிறது. மறதிநோய் முற்றியவரைப் பார்க்கப் பயிற்சி பெற்றவர்கள் எந்த இல்லத்திலும் தாராளமாக இல்லை. கூட்டமாக வைப்பதற்கு உரிய அபாயமும் உண்டு. கனடாவில் 2020 இன் முதல் கொரோனா அலையில் இறந்தவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது பேர் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் இருந்தவர்கள். பணமும் சட்டமும் கண்காணிப்பும் உள்ள நாட்டிலேயே அப்படி. எனவே இல்லத்தைப் பார்க்கப் போகிறவர் வரவேற்பறையில் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பக்கூடாது. சொல்லாமல் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போக வேண்டும். எழும்ப முடியாதவர்களின் அறை எப்படி மணக்கிறது, நகம் வெட்டியிருக்கிறதா, தண்ணீர்க் குவளை கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஆள் என்று கேட்க வேண்டும். அதற்கு மழுப்பினால் திரும்பி வந்துவிடலாம்.

அரசு எங்கே நிற்கிறது? 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் பெற்றோரைப் பிள்ளைகள் வேண்டுமென்று புறக்கணிக்கக்கூடாது என்கிறது. அறுபது தாண்டியவர் பராமரிப்புச் சபைக்கு முறையிடலாம். பிள்ளை சூரிச்சில் இருக்கும்போது அந்தச் சபையின் கை எவ்வளவு நீளும் என்பது வேறு விடயம். மிக மோசமான நன்றிகேட்டைக் காரணம் காட்டி நன்கொடை உறுதியை மாவட்ட நீதிமன்றத்தின் மூலம் இரத்துச் செய்ய 2017 இன் சட்டம் வழி தருகிறது. வறிய முதியவருக்கான மாதக் கொடுப்பனவை 2025 வரவுசெலவுத் திட்டம் 3000 ரூபாவிலிருந்து 5000 ஆக்கியது. 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கும் அம்புலன்ஸ் 2018 முதல் வடக்கிலும் இலவசமாக ஓடுகிறது. வீட்டில் வைத்துப் பார்ப்போருக்கு உண்மையில் உதவிய ஏற்பாடு என்று நான் மதிப்பது அதைத்தான். மற்றவை நல்ல நோக்கங்கள். வீட்டுக்கு வந்து புண்ணுக்கு மருந்து கட்டும், இரவில் ஒரு முறை புரட்டிப் போடும் கையை அவை எதுவும் தரவில்லை.

ஆகவே முதியவரின் நிலையைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல முடியும். நடமாட்டம் இருக்கிறது, புத்தி தெளிவு என்றால் வீடுதான், விவாதமே தேவையில்லை. ரைல்ஸுக்குச் செலவழித்த காசில் ஒரு சிறு பங்கைக் குளியலறைப் பிடிகம்பிக்கும் உயரமான கொமட்டுக்கும் கிணற்றடிச் சொரசொரப்புக்கும் போடுங்கள். பகலில் ஒரு ஆள் போதும்.

படுக்கையாகிவிட்டார், ஆனால் புத்தி தெளிவு என்றால் வீடு சரிவரும், இரண்டு நிபந்தனையோடு. பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் என்று இரண்டு சம்பளம். அதோடு வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதா வேண்டாமா என்று நின்ற நிலையில் முடிவெடுக்க அதிகாரம் உள்ள ஒரு சொந்தம், கோப்பாய்க்கு இப்பால். அந்தப் பெறாமகளுக்கே அதிகாரத்தையும் காசையும் கொடுத்துவிட்டுக் குழுவில் வாயை மூடிக்கொள்ளலாம். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் இல்லமே மேல் என்பேன்.

மறதிநோய் முற்றி, நேரம் காலம் தெரியாமல் எழும்பி நடக்கிறவருக்குத் திறந்த கிணறுள்ள வளவில் ஒற்றை ஆள் காவல் காக்க முடியாது. பூட்டி வைப்பது பராமரிப்பாகாது. ஒன்றில் பிள்ளைகளில் ஒருவர் திரும்பி வந்து இருக்க வேண்டும், அல்லது ஏற்றுக்கொள்ளும் நல்ல இல்லத்தைத் தேட வேண்டும். நடுவில் வேறு வழி இருப்பதாகக் காட்டும் கமரா பொய் சொல்கிறது.

இதற்கு ஒரு எதிர்வாதம் வரும், அது பலமானதும்கூட: தோட்டத்தில் தண்ணீர் மாறிக் கட்டி, கப்பலும் இதரையும் குலை தள்ளும் பருவத்தை உடம்பாலேயே அறிந்திருந்த ஒரு கமக்காரனைக் கட்டில் வரிசை ஒன்றில் கொண்டுபோய்க் கிடத்தினால் ஆறு மாதத்தில் மனம் விட்டுவிடுவான். உண்மை. அதனால்தான் வீட்டையும் இல்லத்தையும் தவிர்ந்த ஒன்றைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது. கோழிக்கோட்டில் 1993 இல் தொடங்கிய வலி தணிப்புச் சங்கத்திலிருந்து கிளைத்து, 2001 அளவில் மலப்புறம் பக்கமாகப் பரவிய அயலவர் வலையமைப்பு, ஊர்த் தொண்டர்களையும் தாதியரையும் வீடு வீடாக அனுப்பியது. 2008 இல் கேரள அரசு அதைக் கொள்கையாகவே ஏற்றது. எங்களிடம் அதற்குரிய உறுப்புகள் எல்லாம் தனித்தனியாகக் கிடக்கின்றன: வட்டாரத்துக்கு ஒரு சனசமூக நிலையம், கிராம அலுவலர் பிரிவில் முதியோர் சங்கம், வெளிநாட்டில் ஊர்ச் சங்கங்கள். கோபுரத்துக்கும் மண்டபத்துக்கும் சேர்கிற காசு, இரவுமுறைக்கு நாலு பெண்களைச் சம்பளத்தோடும் சேமலாப நிதியோடும் வைத்திருக்கச் சேராதா? சேரும். ஆனால் அதற்குப் பெயர்க்கல் வைக்க இடமில்லை.

அது நடக்கும் வரை குடும்பங்கள் காத்திருக்க முடியாது. நல்லூர்த் திருவிழாவை ஒட்டி ஆடி ஆவணியில் பிள்ளைகள் வருவார்கள். வந்ததும் சம்பள ஆளுக்கு ஒரு கிழமை விடுப்புக் கொடுத்துவிட்டு, முறை வைத்துத் தாயின் கட்டிலுக்குப் பக்கத்தில் தாங்களே படுக்கட்டும். பிறகு அவவைக் கூட்டிக்கொண்டு இரண்டு இல்லங்களுக்குப் போகட்டும். இடம் கொடுத்தால் பத்து நாள் அங்கே தங்க வைத்துப் பார்க்கட்டும். பேச்சும் நினைவும் இருக்கும்போதே, நேரே கேட்கட்டும். அவ சொல்லும் பதில் மேலே நான் எழுதிய தீர்ப்புக்கு மாறாக இருந்தால், தூக்கிப் போட வேண்டியது என் தீர்ப்பைத்தான்.