நாய்தான் தராசு!

கமுதிப் பக்கம் விளைகிற குண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சரி, அதன் காரம் எவ்வளவு? வியாபாரியிடம் கேட்டால், ‘நாக்குல வச்சுப் பாருங்கண்ணே!’ என்பார். சிரிக்காதீர்கள். காரத்துக்கு நம்பர் போட்ட அமெரிக்கர் வில்பர் ஸ்கோவில் 1912-ல் செய்ததும் அதுதான். மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டே போனார். எந்த இடத்தில் நாக்குக்கு உறைப்பு தெரியவில்லையோ, அதுதான் கணக்கு.

அவர் வேலை பார்த்தது பார்க் டேவிஸ் என்கிற மருந்து கம்பெனியில். அதே கம்பெனி அப்போது இன்னொரு சரக்கும் விற்றது. கஞ்சாச் சாரம்! அதன் வீரியத்தை எதை வைத்து அளந்தார்கள் தெரியுமா? நாயை வைத்து! நாய்க்குக் கொடுப்பார்கள். கால் பின்னித் தள்ளாடினால், சரக்கு பாஸ். 1916-ல் அமெரிக்க மருந்து நூலே இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கியது.

இதை ஏன் இப்போது சொல்கிறேன்? அந்தக் காலத்துப் புட்டிகளுக்கு இன்று ஏக மவுசு. ஆம்ஸ்டர்டாமில் 1985 முதல் கஞ்சாவுக்கென்றே ஒரு மியூசியம் இருக்கிறது. பழைய லேபிளைக் காட்டி, ‘பார்த்தீர்களா, தாத்தா காலத்தில் இது மருந்து. பழைய முறை, சுத்தமான முறை’ என்று வாதாடுகிறவர்கள் நம்மூரிலும் உண்டு. கூடவே, ‘விக்டோரியா மகாராணியே சாப்பிட்டார்’ என்று ஒரு பிட். அரண்மனை டாக்டர் ரெனால்ட்ஸ் கஞ்சா மருந்தைப் பற்றி 1890-ல் எழுதியது நிஜம். ராணி சாப்பிட்டதற்கு ஆதாரம் கிடையாது.

வாதத்தில் பாதி உண்மை. அதனால்தான் ஆபத்து.

கல்கத்தாவில் டாக்டராக இருந்தவர் ஓஷாக்னெஸி. பிற்பாடு இந்தியாவுக்குத் தந்தி கொண்டுவந்தவரும் இவர்தான். 1839-ல் கஞ்சாவின் பிசினையும் டிங்சரையும் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து ஒரு கட்டுரை வாசித்தார். மூட்டுவலிக்காரர் ஒருவருக்கு ஒரே ஒரு கிரெயின் பிசின். சில மணி நேரத்தில், அவர் கையைத் தூக்கி எப்படி வைத்தார்களோ அப்படியே நின்றது. இன்னொரு பக்கம், வலிப்பு வந்த பச்சைக் குழந்தைக்குப் பலன் கிடைத்ததாகவும் எழுதினார். நல்லதையும் வினையையும் மறைக்காத மனிதர்.

ஆனால், அவரால் முடியாத ஒன்று உண்டு. உள்ளே இருப்பது எது, எவ்வளவு என்று சொல்ல முடியவில்லை. ஒரு புட்டியில் பத்துச் சொட்டு ஒன்றும் செய்யாது. அடுத்த புட்டியில் அதே பத்துச் சொட்டு ஆளைக் கவிழ்க்கும். ரெனால்ட்ஸ் எச்சரித்ததும் இதைத்தான். நாயைப் பிடித்ததும் இதற்காகத்தான். அப்படியும் சரிப்படவில்லை. பிரிட்டன் 1932-லும் அமெரிக்கா 1942-லும் தங்கள் மருந்து நூலிலிருந்தே தூக்கிவிட்டன. அரசியலும் வரியும் ஒரு காரணம். அளக்க முடியாத மருந்தை டாக்டர்கள் கைவிட்டது இன்னொரு காரணம்.

போதை தருகிற பொருளை 1964-ல்தான் இஸ்ரேலில் கவோனியும் மெக்கோலமும் தனியே பிரித்து, இன்னதென்று சொன்னார்கள். போதை தராத இன்னொரு பொருளை மில்லிகிராம் கணக்கில் அளந்து, குழந்தைகளின் கடுமையான வலிப்புக்கு 2018-ல் அமெரிக்கா மருந்தாக அனுமதித்தது. ஓஷாக்னெஸி கண்டது வீணாகவில்லை. ஆனால், அதைக் காப்பாற்றியது பழைய முறை இல்லை. அளவு!

இனி நம் கடற்கரைக்கு வாருங்கள். பி.காம். படித்தவனுக்கு இது சுலபமாகப் புரியும். சரக்கைச் சுருக்கினால் இடம் மிச்சம், லாபம் அதிகம். 2024 மார்ச்சில் மண்டபம் கடலில் பிடிபட்டது 99 கிலோ ஹாஷிஷ். மதிப்பு 108 கோடி என்றார்கள். சட்டத்துக்கும் இந்தக் கணக்கு தெரியும். கஞ்சா 20 கிலோவைத் தாண்டினால் ‘வணிக அளவு’. ஹாஷிஷ், ஹாஷிஷ் எண்ணெய் என்றால் ஒரே கிலோ. தண்டனை குறைந்தது பத்து வருஷம், இருபது வரை போகலாம். மூட்டையில் என்ன இருக்கிறது என்று கேட்காமல் கூலிக்குப் படகேறுகிற பையன் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

வாங்கி இழுக்கிற பையனும்தான். ‘இயற்கைதானே’ என்கிறான். மிளகாயும் இயற்கைதான், கண்ணில் தேய்த்துக்கொள்வோமா? பழைய புட்டியில் கம்பெனி பெயராவது இருந்தது. இன்று அவன் கைக்கு வருகிற உருண்டையில் லேபிள் இல்லை, அளவு இல்லை, கேள்வி கேட்க முகவரி இல்லை. சோதித்துப் பார்க்க நாயும் இல்லை.

அந்த வேலையை இப்போது அவனே செய்கிறான்.