படுக்கையருகே நிற்பவர்களுக்கு என்ன அதிகாரம்?

மும்பை பரேல் கே.இ.எம். மருத்துவமனையின் நான்காம் எண் வார்டை ஒட்டிய அறையில் பல்லாண்டுகள் நினைவின்றிக் கிடந்தார் அருணா ஷான்பாக். அதே மருத்துவமனையில் நர்சாக இருந்தவர். 1973 நவம்பர் 27 அன்று வார்டு ஊழியர் ஒருவர் நாய்ச் சங்கிலியால் கழுத்தை நெரித்துத் தாக்கியதில் மூளை பாதிக்கப்பட்டது. 2015 மே 18 அன்று நிமோனியாவில் உயிர் பிரிந்தது. இடைப்பட்ட ஏறத்தாழ 42 ஆண்டுகளில் நர்சுகள் தலைமுறை தலைமுறையாக அவரைக் குளிப்பாட்டினார்கள், ஊட்டினார்கள், புரட்டிப் படுக்க வைத்தார்கள். படுக்கைப் புண் வராமல் அவர்கள் காத்த விதத்தை உச்ச நீதிமன்றத் தீர்ப்பே பாராட்டியது.

இறுதிக்கால நோயாளிகளின் பராமரிப்பைச் சீராக்க மருத்துவமனை ஊழியர்களையே பங்காளிகளாக்க வேண்டும் என்பது இன்று உலகெங்கும் பேசப்படும் கொள்கை. அருணா சாகும் தறுவாயில் இருந்தவர் அல்லர். என்றாலும் அந்தக் கொள்கையின் பலத்தையும் பலவீனத்தையும் இவ்வளவு பச்சையாகக் காட்டிய வழக்கு இந்தியாவில் வேறில்லை.

அருணாவுக்கு உணவூட்டுவதை நிறுத்தி விடுவிக்கும்படி எழுத்தாளர் பிங்கி விரானி உச்ச நீதிமன்றத்தில் மனுப்போட்டார். 2011 மார்ச் 7இல் தீர்ப்பு வந்தது. உயிராதரவைத் திரும்பப் பெற நீதிமன்றம் கொள்கையளவில் வழி திறந்தது. ஆனால் அருணாவுக்காகப் பேசும் தகுதி விரானிக்கு இல்லை, கே.இ.எம். ஊழியர்களுக்கே உண்டு என்றது. ஊழியர்களோ அவர் வாழவேண்டும் என்றார்கள். கவனித்தவருக்கே பேசும் உரிமை என்பது நியாயம்தான். ஆனால் பாசம் மிகுந்த இடத்தில் நோயாளி என்ன விரும்பியிருப்பார் என்ற கேள்வி அமுங்கிப்போகிறது. இன்னொன்றும் உண்டு: அருணா அவர்களுடைய சக பணியாளர். அதே கட்டடத்தின் பொது வார்டில், பாண்டுப்பிலிருந்து ஸ்லோ ரயிலேறி வந்து சேர்க்கப்பட்ட ஒரு முதியவருக்கு அந்த உறவு எங்கிருந்து வரும்?

மும்பை மருத்துவமனைகளில் பெண் உதவியாளரை ‘மாவ்ஷி’ என்றும் ஆண் உதவியாளரை ‘மாமா’ என்றும் அழைப்பார்கள். மூச்சு இழுக்கத் தொடங்கியவரின் உதடு காய்ந்து வெடிப்பதை முதலில் காண்பவர் மாவ்ஷிதான். பஞ்சை நனைத்து வாயைத் துடைப்பவரும் அவரே. ராத்திரி இரண்டு மணிக்கு நோயாளி எதற்கு முனகுகிறார், மகன் வெளி வராந்தாவில் ஏன் அழுகிறான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். காலை ரவுண்ட்ஸில் டாக்டர் நிற்கும் சில நிமிடங்களில் இந்தத் தகவலுக்கு இடமில்லை. கேஸ் பேப்பரில் ரத்த அழுத்தம் ஏறும். மாவ்ஷி பார்த்தது ஏறாது. ஊழியர்களை ஈடுபடுத்துவதன் பெரிய லாபமே இந்த வீணாகும் அறிவு பயன்படுவதில்தான் இருக்கிறது.

ஆனால் அறிவு மட்டும் வலியைக் குறைக்காது. இந்தியாவில் நர்ஸ் மார்ஃபின் எழுத முடியாது. வலி தெரிந்தும் டாக்டரின் கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டும். உகாண்டா 2004இலேயே பயிற்சி பெற்ற நர்சுகளுக்கு அந்த உரிமையைக் கொடுத்துவிட்டது. இங்கே பயிலரங்கு நடத்துகிறோம், சான்றிதழ் கொடுக்கிறோம், அதிகாரத்தை மட்டும் கொடுப்பதில்லை. பொறுப்பைக் கீழே இறக்கி உரிமையை மேலேயே வைத்துக்கொள்வதற்குப் பங்கேற்பு என்று பெயர் சூட்டுவது மோசடி.

சடங்காகிவிடும் ஆபத்தும் இருக்கிறது. இங்கிலாந்தின் லிவர்பூலில் 1990களின் பிற்பகுதியில் ஹாஸ்பிஸ் எனப்படும் இறுதிக்கால இல்லங்களின் பராமரிப்பைச் சாதாரண வார்டுக்குக் கொண்டுவர ஒரு வழிமுறை உருவானது. நன்கு பயின்ற ஊழியர்கள் கையாண்ட இடங்களில் மரணம் அமைதியாக இருந்தது. மற்ற இடங்களில் அது கட்டங்களில் டிக் போடும் காகிதமானது. தண்ணீர்கூடத் தரவில்லை என்று குடும்பங்கள் குமுறின. அதைக் கடைப்பிடித்ததற்காக மருத்துவமனைகளுக்குப் பணச் சலுகை கிடைத்ததும் வெளியானது. 2013இல் ஜூலியா நியூபெர்கர் தலைமையிலான ஆய்வுக்குழு அதைக் கைவிடச் சொன்னது. காகிதம் மட்டும் பரவி, பயிற்சியும் ஆளெண்ணிக்கையும் கூடவே போகாததுதான் கோளாறு.

மும்பைக்கு இந்தத் துறையில் முன்னோடிப் பெருமை உண்டு. நாட்டின் முதல் ஹாஸ்பிஸான சாந்தி அவேத்னா சதன் 1986இல் பாந்த்ராவில் தொடங்கியது. வலி தணிப்பு மருத்துவத்தில் முதல் எம்.டி. படிப்பு 2012இல் டாடா நினைவு மருத்துவமனையில் வந்தது. இரண்டும் புற்றுநோயாளிகளுக்கான கதவுகள். சிறுநீரகமோ நுரையீரலோ செயலிழந்து சயான் மருத்துவமனையில் கிடப்பவருக்கு அந்த வார்டின் சிஸ்டரும் மாவ்ஷியும்தான் கதி. ஒருவர் எத்தனை படுக்கைகளைத்தான் பார்ப்பார்? கூடுதல் ஆள் போடாமல் ‘கனிவுப் பயிற்சி’ மட்டும் கொடுத்தால், அது களைத்தவர் தலையில் குற்றவுணர்வையும் ஏற்றுவதாகத்தான் முடியும்.

2018இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு வகுத்து 2023 ஜனவரியில் எளிதாக்கிய நெறிமுறைப்படி, உயிராதரவை நிறுத்துவது பற்றி இரண்டு மருத்துவக் குழுக்கள் முடிவு செய்ய வேண்டும். ஒவ்வொன்றிலும் மூன்று டாக்டர்கள். நர்சுக்கு இடமில்லை. கே.இ.எம். நர்சுகளைக் குடும்பமாகவே ஏற்ற அதே நீதிமன்றத்தின் நெறிமுறை இது. முடிவைக் குழு எடுக்கட்டும். இரவும் பகலும் அருகில் நின்ற ஒருவரின் சொல்லைக் கேட்டுப் பதிவு செய்த பிறகே எடுக்க வேண்டும் என்ற விதியையாவது மாநகராட்சி மருத்துவமனைகள் தங்கள் அளவில் கொண்டுவரலாம். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.